மேலறை நடுக்கம்: தொடங்கி வைப்பது ஒன்று, தொடர வைப்பது வேறொன்றா?

கேள்வி
எழுதியவர்: மின்பொறியாளர்

வணக்கம். எனக்கு வயது 52. கடந்த எட்டு மாதங்களில் நான்கு முறை என் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி, பிறகு தானாகவே சீரடைந்திருக்கிறது. இரண்டாவது முறை எடுத்த ஈசிஜியைப் பார்த்துவிட்டு, இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகளின் நடுக்கம் என்று மருத்துவர் உறுதி செய்தார். சிகிச்சை தொடங்கிவிட்டது, அதைப் பற்றி இங்கே ஆலோசனை கேட்கவில்லை. உள்ளே என்னதான் நடக்கிறது என்பது விளங்காமல் இருப்பதுதான் எனக்குத் தொல்லையாக இருக்கிறது.

நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளிலிருந்து தேவையற்ற மின் துடிப்புகள் கிளம்புகின்றன என்று மருத்துவர் சொன்னார். இதிலேயே எனக்கு முதல் ஐயம் எழுகிறது. சிரை என்பது இரத்தம் வரும் குழாய். குழாய்க்கு எதற்கு மின் துடிப்பு? சரி, கிளம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துடிப்பு மேலறை முழுவதும் பரவி முடித்ததும், மேற்கொண்டு தூண்டத் தசை எதுவும் மிச்சமில்லாமல் அணைந்துபோக வேண்டுமல்லவா? சிரை ஓயாமல் பொறி விட்டுக்கொண்டே இருந்தாலொழிய, என்னுடைய கடைசி நடுக்கம் எப்படிப் பதினொரு மணி நேரம் நீடித்தது? முதல் முறை வந்தது நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. அடுத்தடுத்து வந்தவை நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு முறையும் சிரையில் பழுது அதிகமாகிறதா, அல்லது மேலறையே மாறிவிடுகிறதா?

மறுமொழி 1
எழுதியவர்: இதய மின்னியல் மருத்துவர்

உங்கள் ஐயங்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு கேள்விகள்தான் தேறும்: நடுக்கத்தைக் கிளப்பிவிடுவது எது, கிளம்பியதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது எது. இரண்டுக்கும் விடை வேறு என்பதால்தான் இந்த நோய் இவ்வளவு காலம் எங்களைக் குழப்பியது. முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில் சைனஸ் முடிச்சு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவரும் 1907-இல் அதை விவரித்தார்கள். அதன் செல்கள் ஓய்வில் நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு துடிப்பு முடிந்ததும் அவற்றின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஒரு வரம்பைத் தொட்டதும் அடுத்த துடிப்பை வெளியிடுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இது நடக்கிறது. மற்ற மேலறைச் செல்களோ, பொட்டாசியத்தை வெளியேவிடும் வாயில்கள் வழியாகத் தங்கள் மின்னழுத்தத்தை ஏறத்தாழ மைனஸ் 80 மில்லிவோல்ட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும். யாராவது தட்டினால் மட்டுமே அவை பேசும்.

இனி சிரைக்கு வருகிறேன். கரு வளரும்போது இடது மேலறையின் தசை, நான்கு நுரையீரல் சிரைகளின் வாய்ப்பகுதிகளையும் சுற்றி ஒரு சட்டைக்கை போல ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் தொலைவுக்குப் படர்ந்துவிடுகிறது. எனவே அந்த இடத்தில் இருப்பது வெறும் குழாய் அல்ல, இதயத் தசை போர்த்திய குழாய். அந்தத் தசையில் மேலே சொன்ன பொட்டாசியப் பிடிப்பு சற்றுத் தளர்ச்சியாக இருக்கிறது. அதனால் அது எளிதில் தூண்டப்படும். இதோடு கால்சியமும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தேவையான கால்சியத்தைச் செல் தனக்குள் ஒரு கிடங்கில் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கிடங்கின் கதவு, துடிப்பு முடிந்த பிறகும் கசிந்தால், கசிந்த கால்சியத்தைச் செல் வெளியேற்றியாக வேண்டும். வெளியேற்றும் புரதம் ஒரு கால்சியத்தை வெளியே தள்ளி மூன்று சோடியங்களை உள்ளே இழுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெளியே போனது இரண்டு நேர் மின்னூட்டம், உள்ளே வந்தது மூன்று. மிச்சமான அந்த ஒன்று செல்லின் மின்னழுத்தத்தை மேலே தூக்குகிறது. போதுமான அளவு தூக்கிவிட்டால், யாரும் கேட்காத ஒரு துடிப்பு பிறந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்தால் மேலறை விரிந்து சிரைவாய் இழுபடும்போதும், அட்ரினலின் மிகும்போதும் இந்தக் கசிவு கூடுகிறது.

இதை நோயாளிகளிடம் நேரடியாகக் காட்டியவர்கள் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த மிஷேல் ஹைசாகேர் குழுவினர். 1998-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தொடங்கி வைத்த 69 புள்ளிகளைத் தேடிக் கண்டார்கள். அவற்றில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. அதுவரை மேலறை முழுவதையும் சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு திருப்பம்.

திரையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், மின்பொறியாளருக்குப் பிடிக்கும். சிரையின் வாயில் வளையம் போன்ற ஒரு கதீட்டரை (இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) வைத்து, அதன் மின்முனைகள் பதிவு செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். சீரான துடிப்பில் ஒவ்வொரு கோட்டிலும் முதலில் ஒரு மழுங்கிய மேடு வரும். அது அருகிலுள்ள மேலறையின் குரல். அதன்பின் ஊசி போல ஒரு கூர்முனை வரும். அது சிரைத் தசையின் குரல். அலை மேலறையிலிருந்து சிரைக்குள் போகிறது என்பதால் இந்த வரிசை. திடீரென்று ஒரு துடிப்பில் வரிசை தலைகீழாகும்: ஊசி முன்னே, மேடு பின்னே. சிரைதான் இப்போது பேசுகிறது என்று பொருள். அடுத்த நொடியே ஊசிகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மேலறைக் கோடுகள் எல்லாம் கலைந்து, எது எதற்குப் பின் வந்தது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அந்தக் கணத்தில் அறையில் பேச்சு நின்றுவிடுவது மட்டும் மாறவில்லை.

சிரைவாயைச் சுற்றித் திசுவைச் சுட்டு மின்தொடர்பைத் துண்டித்த பிறகு இன்னொரு காட்சியும் சில நேரம் கிடைக்கும். சிரைக்குள் ஊசிகள் தாறுமாறாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலறையோ எதுவும் அறியாததுபோலச் சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். பொறி வேறு, அது பற்றிக்கொள்ளும் இடம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மறுமொழி 2
எழுதியவர்: உடலியங்கியல் ஆசிரியர்

மருத்துவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். பரவி முடித்த அலை அணைந்துபோக வேண்டும் என்ற உங்கள் வாதம் முற்றிலும் சரி. நலமான மேலறையில் அப்படித்தான் நடக்கிறது. தூண்டப்பட்ட செல் உடனே மறுபடி தூண்டப்பட மறுக்கிறது. மனித மேலறையில் இந்தத் தூண்டலை ஏற்காத காலம் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி. அலை இரு மேலறைகளையும் கடப்பதற்கு ஏறத்தாழ 100 மில்லிநொடியே போதும். ஆகவே அலை கடைசி மூலையை எட்டும்போது, அது புறப்பட்ட இடம்கூட இன்னும் உறக்கத்தில்தான் இருக்கும். போக இடமின்றி அலை அணைந்துவிடும்.

ஆனால் ஓர் அலைக்குத் தலை மட்டுமல்ல, வாலும் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். தலை என்பது இப்போது தூண்டப்படும் இடம். வால் என்பது தூண்டலிலிருந்து இப்போது மீளும் இடம். இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம், அலையின் வேகத்தைத் தூண்டலை ஏற்காத காலத்தால் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 80 சென்டிமீட்டர் வேகம், கால் நொடி உறக்கம் என்றால் அலையின் நீளம் 20 சென்டிமீட்டர். இவ்வளவு நீளமான அலை ஒரு வட்டத்தில் ஓடித் தன் வாலுக்குப் பின்னே வந்து சேர வேண்டுமென்றால், 20 சென்டிமீட்டரைவிட நீளமான ஒரு பாதை வேண்டும். மேலறையில் அதற்கு இடமில்லை. வேகம் 60 ஆகவும் உறக்கம் 100 மில்லிநொடியாகவும் குறைந்துவிட்டால்? நீளம் வெறும் 6 சென்டிமீட்டர். இப்போது அதே மேலறையில் ஒரு சுழற்சி தாராளமாகப் பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்டவையும் பொருந்தக்கூடும். தன் வாலைக் கடிக்காமல் தன்னையே துரத்திக்கொண்டு ஓடும் அலைக்கு, சிரையிலிருந்து புதிய பொறி எதுவும் தேவையில்லை. உங்களுடைய பதினொரு மணி நேரத்துக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். சிரை விட்டுவிட்டுப் பொறி வைத்து உதவியிருக்கவும் கூடும்.

வட்டம் தொடங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அலை ஒரு பக்கம் தடுக்கப்பட்டு மறுபக்கம் விடப்பட வேண்டும். இரு பக்கமும் ஓடினால் இரண்டு தலைகளும் எதிரெதிரே மோதி அழிந்துவிடும். இங்கேதான் சிரையின் அகாலத் துடிப்பு தன் வேலையைக் காட்டுகிறது. அது முன்கூட்டியே வருவதால், சில செல்கள் விழித்திருக்கும், பக்கத்துச் செல்கள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். அலை விழித்தவற்றின் வழியே சுற்றிக்கொண்டு தயங்கித் தயங்கிப் போகிறது; அது மறுபுறம் வந்து சேர்வதற்குள், முதலில் மறுத்த செல்கள் விழித்துவிடுகின்றன. அவற்றின் வழியே அலை பின்பக்கமாக நுழைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. இதை மீள்நுழைவு என்கிறோம். சிரைவாய்ப் பகுதியில் தசை இழைகளின் திசை திடீரென்று மாறுவதால், பொறி கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே இத்தகைய தடங்கலும் காத்திருக்கிறது என்பது கெடுவாய்ப்பு.

இந்தக் கருத்து ஜெல்லிமீனிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? ஆல்ஃபிரட் மேயர் 1906-இல் ஜெல்லிமீனின் உடலை வளையமாக வெட்டி, ஒரே திசையில் ஓர் அலையைக் கிளப்பிவிட்டு, அது சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டார். ஜார்ஜ் மைன்ஸ் 1913-இல் அதை இதயத் தசை வளையங்களில் செய்து காட்டினார். அவர் வகுத்த சோதனை இன்றும் செல்லும்: வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டினால் சுழற்சி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது வட்டமே அல்ல. ஏட்ரியல் ஃபிளட்டர் என்ற உறவுக்கார நோயில் இது அப்படியே பொருந்துகிறது. அதன் வழக்கமான வடிவத்தில், ஒரே பெரிய அலை வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை ஓடும். அந்த வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையேயுள்ள குறுகிய பாலத்தைச் சுட்டுத் துண்டித்ததும் நின்றுவிடும். நடுக்கத்தில் அப்படி வெட்டுவதற்கு நிலையான ஒரு பாலம் கிடையாது.

நாடித் துடிப்பு ஏன் ஒழுங்கற்று இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை எழும் அலைகளில் பெரும்பாலானவற்றை, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஏவி முடிச்சு வடிகட்டிவிடுகிறது. தப்பிக் கீழே இறங்குபவை எந்த ஒழுங்கிலும் வருவதில்லை.

மறுமொழி 3
எழுதியவர்: மின்பொறியாளர்

இருவருக்கும் நன்றி. தலை, வால் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன்; போட்டதும் இரண்டு முரண்கள் முளைத்தன.

ஒன்று, அலையின் நீளத்துக்கும் அறையின் அளவுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம் என்றால், பெரிய விலங்குகளுக்கு இந்த நோய் எளிதில் வர வேண்டும், சின்னஞ்சிறு விலங்குகளுக்கு வரவே கூடாது. அப்படித்தான் இருக்கிறதா?

இரண்டாவதுதான் என்னை உறுத்துகிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்து ஃபிளெக்கனைடு. அதன் குறிப்புத்தாளில் அது சோடிய வாயில்களை அடைத்து இதயத்தில் மின் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்றிருக்கிறது. வேகம் குறைந்தால் அலையின் நீளம் குறையும். நீளம் குறைந்தால் சுழற்சி எளிதாகும். கணக்குப்படி இந்த மருந்து நோயை வளர்க்க வேண்டுமே?

மறுமொழி 4
எழுதியவர்: உடலியங்கியல் ஆசிரியர்

முதலாவதற்கு விடை, பெரும்பாலும் அப்படித்தான். குதிரைகளுக்கு மேலறை நடுக்கம் சாதாரணமாக வருகிறது; வேறெந்த இதய நோயும் இல்லாத பந்தயக் குதிரைகளுக்கும் வரும். எலியின் மேலறையில் அதைத் தூண்டிவிட்டாலும் பொதுவாக நீடிப்பதில்லை. வால்டர் கேரி 1914-இல், நடுங்கும் இதயத் தசையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்து, ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளில் நடுக்கம் நின்றுவிடுவதைக் கண்டார். ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் தொடங்கிய மேஸ் என்ற அறுவை, மேலறையைப் புதிர்ப்பாதை போலக் கூறுபோட்டுத் தைப்பது. சுழல இடம் கொடுக்காதே என்பதே அதன் சாரம்.

இரண்டாவது கேள்விக்கு நான் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். இதே முரண்தான் ஆய்வாளர்களையும் பழைய கணக்கைத் திருத்த வைத்தது.

பழைய கணக்கு என்று நான் சொல்வது கார்டன் மோவின் கருதுகோள். 1960-களின் தொடக்கத்தில் அவர், நடுக்கம் என்பது பல குட்டி அலைகள் ஒன்றோடொன்று மோதி, உடைந்து, பிளந்து, புதியவற்றை ஈன்று அலைந்துகொண்டிருப்பது என்றார். 1964-இல் வெறும் 992 கூறுகளைக் கொண்ட ஒரு கணினி மாதிரியில் அதை ஓடவும் விட்டார். இன்றைய கைப்பேசிக்கு அது ஒரு விளையாட்டு. மௌரிட்ஸ் அலெசி குழுவினர் 1985-இல் நாய்களின் மேலறைகளில் பல மின்முனைகளை வைத்து, அப்படி நான்கு முதல் ஆறு அலைகள் உலவுவதைப் பதிவு செய்தார்கள். இந்தப் பார்வையில் அலை நீளமானால் நோய் தணியும், குறுகினால் வளரும். உங்கள் முரண் இங்கேதான் முட்டி நிற்கிறது.

சுருள் அலை என்ற இன்னொரு பார்வை உண்டு. தண்ணீர்ச் சுழியைப் போல, ஓர் அலையின் உள்முனை ஒரு மையத்தைச் சுற்றிச் சுருண்டு ஓடுகிறது. இதை ரோட்டார் என்பார்கள். ஹோசே ஹலிஃபே குழுவினர் இதை விலங்கு இதயங்களில் ஒளிப்படமாகவே பதிவு செய்திருக்கிறார்கள். சுருளின் உள்முனைக்கு வளைவு மிக அதிகம். அவ்வளவு கூர்மையாக வளைந்து திரும்ப வேண்டுமானால், முன்னே இருக்கும் செல்களைத் தூண்டுவதற்கு அதனிடம் வலுவான சோடிய மின்னோட்டம் இருக்க வேண்டும். ஃபிளெக்கனைடு அந்த மின்னோட்டத்தையே குறைக்கிறது. வலு குறைந்த முனையால் இறுக்கமாகத் திரும்ப முடியாது. அகலமாகத் திரும்புகிறது, மையம் பெரிதாகிறது, நிலையாக நிற்காமல் அலைகிறது. அலைந்து திரிந்து வால்வின் விளிம்பிலோ வேறோர் அலையிலோ போய் முட்டி அணைகிறது. அலையின் நீளத்தைவிட அது எவ்வளவு கூர்மையாகத் திரும்ப முடியும் என்பதே இங்கே முடிவு செய்கிறது. அதற்காகப் பழைய கணக்கு பொய் என்று ஆகிவிடாது. ஃபிளெக்கனைடு வேகத்தைக் குறைப்பதால் சிலருக்கு நடுக்கம் நிற்காமல், மெதுவான ஒரே பெரிய வட்டமாக, அதாவது ஃபிளட்டராக மாறிவிடுவதும் உண்டு. இதை அறிந்தே மருத்துவர்கள் அதோடு ஏவி முடிச்சை நிதானப்படுத்தும் மருந்தையும் வழக்கமாகச் சேர்க்கிறார்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: இதய மின்னியல் மருத்துவர்

ஆசிரியர் ரோட்டாரைச் சற்று அதிகமாக நேசிக்கிறார் என்பது என் எண்ணம். விலங்கு இதயத்தில் அழகாகத் தெரிவது மனித மேலறையில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ரோட்டார்களைத் தேடிச் சுடும் முறை 2012-இல் பெரும் நம்பிக்கையோடு அறிமுகமானது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு ஈடு கொடுக்கவில்லை. மேலறைச் சுவரின் உட்பரப்பும் வெளிப்பரப்பும் தனித்தனியே துடித்துக்கொண்டு, அலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன என்று அலெசியின் குழு பிற்காலத்தில் காட்டியதே, நீடித்த நோயாளிகளிடம் நான் காணும் குழப்பத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. நாற்பது நிமிடம் எப்படிப் பதினொரு மணி நேரமானது?

அதே அலெசியின் குழு, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், மௌரிட்ஸ் வைஃபெல்ஸ் தலைமையில் 1995-இல் வெளியிட்ட ஆடு ஆய்வுதான் இதற்குப் பதில். நலமான ஆடுகளின் மேலறையில் மின்முனைகளைத் தைத்து, நடுக்கம் நிற்கும்போதெல்லாம் அதை மறுபடி கிளப்பிவிடும் தானியங்கிக் கருவியை இணைத்தார்கள். தொடக்கத்தில், கிளப்பிவிட்ட நடுக்கம் சில நொடிகளில் தானே நின்றது. கருவி விடாமல் மறுபடி மறுபடி கிளப்பியது. நாளாக ஆக, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், 11 ஆடுகளில் 10 ஆடுகளுக்கு நடுக்கம் ஒரு முழு நாளைத் தாண்டியும் நீடித்தது. தூண்டலை ஏற்காத காலம் சராசரியாக 146 மில்லிநொடியிலிருந்து 95-க்குச் சுருங்கியிருந்தது. நடுக்கமே நடுக்கத்தை வளர்க்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

ஏன் சுருங்குகிறது? செல்லின் பார்வையிலிருந்து பாருங்கள். நிமிடத்துக்கு எழுபது முறை திறந்த கால்சிய வாயில் இப்போது நானூறு முறை திறக்கிறது. கால்சியம் உள்ளே குவிகிறது. அளவுக்கு மிஞ்சிய கால்சியம் செல்லுக்கு நஞ்சு. தன்னைக் காத்துக்கொள்ளச் செல் அந்த வாயில்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும் வாயில்களைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டுமே ஒவ்வொரு துடிப்பையும் குறுக்குகின்றன. துடிப்பு குறுகினால் உறக்கம் குறுகும், உறக்கம் குறுகினால் ஆசிரியர் சொன்ன அலையின் நீளம் குறுகும். தனித்தனிச் செல்லுக்குத் தற்காப்பாக அமைவது, அறை முழுவதற்கும் வினையாக முடிகிறது.

இந்த மாற்றத்தில் ஓர் ஆறுதல் உண்டு. சீரான துடிப்பு திரும்பி நிலைத்தால், சில நாள்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். இதைவிட மெதுவாக நடப்பதுதான் எனக்குக் கவலை தருவது. நீண்ட கால இரத்த அழுத்தம், உடல் பருமன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், வால்வு நோய், முதுமை ஆகியவற்றால் மேலறை விரிகிறது. தசை இழைகளுக்கு நடுவே நார்த்திசு நுழைகிறது. செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கானெக்சின் புரதங்கள் இடம் மாறிச் சிதறுகின்றன. இழைகளின் ஓரம் நெடுக நார் புகுந்துவிட்டால், அலை நேராகப் போவதை விட்டுச் சந்து சந்தாக வளைந்து போகிறது. ஒரு துடிப்பில் ஒரே கூர்முனையாகத் தெரிய வேண்டிய மின்பதிவு, பல் உடைந்த சீப்புப் போல ஐந்தாறு சிறு முனைகளாகச் சிதறித் தெரியும். நார் ஒருமுறை படிந்தால் எளிதில் கரைவதில்லை.

மறுமொழி 6
எழுதியவர்: ஐந்து ஆண்டுகளாக நோயாளி

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். எனக்கு இதே நோய்க்கு மின் அதிர்வு கொடுத்துச் சீராக்கினார்கள். நான்காம் நாளே மீண்டும் வந்துவிட்டது. பிறகு, மருத்துவர் மேலே சொன்னதுபோலச் சிரைவாயைச் சுற்றிச் சுடும் அப்லேஷன் செய்தார்கள். ஏழு மாதம் நன்றாக இருந்து, அதுவும் பழையபடி ஆனது. இரண்டாவது அப்லேஷனுக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக வரவில்லை. இவை ஏன் இப்படி நடந்தன என்பதை எனக்கு யாரும் விளக்கவில்லை. இன்னொன்று: எனக்குப் பெரும்பாலும் இரவில், உறங்கத் தொடங்கிய பிறகே நடுக்கம் வரும். ஓடும்போதோ படியேறும்போதோ ஒருமுறையும் வந்ததில்லை. பதற்றத்தால் வருகிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். உறக்கத்தில் எனக்கு என்ன பதற்றம்?

மறுமொழி 7
எழுதியவர்: இதய மின்னியல் மருத்துவர்

உங்கள் அனுபவம் இந்தத் திரிக்குத் தேவையானதுதான், மன்னிப்பு வேண்டாம்.

மின் அதிர்வு மேலறை முழுவதையும் ஒரே கணத்தில் தூண்டிவிடுகிறது. எல்லாச் செல்களும் ஒன்றாக உறங்குவதால், ஓடிக்கொண்டிருந்த அலைகளுக்குப் போக இடமில்லை. சைனஸ் முடிச்சு முதலில் விழித்துப் பொறுப்பை ஏற்கிறது. ஆனால் சிரையின் பொறிக்கும், சுருங்கிப்போன உறக்கக் காலத்துக்கும் அதிர்வு எதையும் செய்துவிடவில்லை. அதனால்தான் முதல் சில நாள்களில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். முதல் அப்லேஷனுக்குப் பிறகு வந்ததற்குப் பெரும்பாலும் காரணம், சிரையைச் சுற்றிச் சுட்ட வளையத்தில் ஓரிடம் ஆறி, மின்தொடர்பு மறுபடி ஏற்படுவது. வளையத்தில் சில மில்லிமீட்டர் விட்டுப்போனாலே அலை புகுந்துவிடும். இரண்டாவது முறை அந்த இடைவெளியைத் தேடி அடைத்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

இரவில் வருவதற்குப் பதற்றத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதற்கு நேர் எதிரான வேகஸ் நரம்பைச் சொல்லுங்கள். உறக்கத்திலும் வயிறு நிறைந்த ஓய்விலும் அது ஓங்குகிறது. அது சுரக்கும் அசிட்டைல்கோலின், மேலறையில் தனக்கென்று உள்ள பொட்டாசிய வாயில்களைத் திறந்து துடிப்பைக் குறுக்குகிறது. நரம்பு முனைகள் மேலறையெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. திட்டுத் திட்டாக இருக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் உறக்கக் காலம் மிகக் குறுகும், பக்கத்தில் அவ்வளவு குறுகாது. மீள்நுழைவுக்குத் தேவையான ஏற்றத்தாழ்வு இதுவே. பல ஆண்டுகள் கடும் பயிற்சி செய்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதற்கும் இது ஒரு காரணம். இரவு நடுக்கம் என்றால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். மூச்சடைத்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் மார்புக்குள் அழுத்தம் சரிந்து மேலறைச் சுவர் இழுபடுகிறது.

மறுமொழி 8
எழுதியவர்: மின்பொறியாளர்

இப்போது பிடிபடுகிறது. முதலில் சிரை கிளப்பிவிட்டது, மேலறை அதை அணைத்தது. நாளடைவில் மேலறையே அணைக்கும் திறனை இழக்கத் தொடங்குகிறது. அப்படியானால் நான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்பதை எப்படி அறிவது? சிரையைத் துண்டித்தாலே போதுமான கட்டமா, அல்லது மேலறையையும் கவனிக்க வேண்டிய கட்டமா?

மறுமொழி 9
எழுதியவர்: இதய மின்னியல் மருத்துவர்

ஏழு நாள்களுக்குள் நின்றுவிட்டால் விட்டுவிட்டு வரும் வகை, அதைத் தாண்டினால் நீடித்த வகை என்று பிரிக்கிறோம். இது வசதிக்கான கோடு. திசுவில் அப்படி ஒரு கோடு கிடையாது. விட்டுவிட்டு வரும் வகையிலேயே கணிசமான நார்த்திசு உள்ளவர்களும் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் நடுங்கியும் மேலறை பெரிதாகாதவர்களும் இருக்கிறார்கள். எக்கோவில், அதாவது இதயத்தை ஒலியலையால் எடுக்கும் படத்தில், தெரியும் இடது மேலறையின் கொள்ளளவு ஒரு துப்பு. மாறுபொருள் செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐயில் நார் படிந்த பகுதி வெளிச்சமாகத் தெரியும். ஆனால் மேலறைச் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால் அந்தப் படத்தை ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு விதமாக வாசிக்கிறது. அப்லேஷனின்போது மேலறையெங்கும் மின்னழுத்தத்தை அளந்து, வலு குறைந்த திட்டுகளைக் குறித்துக்கொள்கிறோம்.

மேலறையையும் சேர்த்துச் சுட்டால் கூடுதல் பலன் கிடைக்குமா என்பதற்கு 2015-இல் ஸ்டார் ஏஎஃப் 2 என்ற ஆய்வு வந்தது. நீடித்த வகை நோயாளிகள் 589 பேரில், சிரைகளை மட்டும் துண்டித்தவர்களைவிட, அதோடு மேலறையில் கோடுகளும் சுட்டவர்களுக்கோ, சிதறிய மின்பதிவு காணும் இடங்களைச் சுட்டவர்களுக்கோ நோய் திரும்புவது குறையவில்லை. எங்கே சுடுவது என்பதை நாங்கள் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்; ஆசிரியர் வேறு மாதிரி வாசிப்பார்.

சுடாமலே மேலறையைக் கவனிக்கும் வழியும் இருக்கிறது. பருமனான நோயாளிகளை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு, நோயின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஆறு மடங்கு இருந்தது. மதுவை நிறுத்தியவர்களுக்கும் மறுபடி வருவது குறைந்ததாக 2020-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. உங்கள் எக்கோ அறிக்கையில் இடது மேலறையின் கொள்ளளவை உடற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டுக் குறித்திருப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டர் என்பது வழக்கமான மேல்வரம்பு. அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். ஓராண்டு கழித்து எடுக்கும் எக்கோவில் அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள்.